காது மிஷின் கடையில் 'ஒண்ணுமில்ல, விடுங்க'

காது மிஷின் மாட்டுகிற தொழிலில் முதலில் தேய்வது மாட்டுகிறவனின் காது. வருகிறவர்களுக்குப் பாதிதான் கேட்கிறது. எனக்கு முழுசாகக் கேட்டுத் தொலைக்கிறது. அதுவும் தினமும் அதே வசனங்கள். முடி வெட்டும் அண்ணாச்சிகளே, பல் பிடுங்கும் டாக்டர்களே, ரேஷன் கடையில் எடை போடுகிறவர்களே, உங்களுக்கு நான் சொல்லாமலே புரியும். ஒரே ஜோக்கை ஒரு நாளைக்கு ஆறு பேர் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு வந்து சொல்ல, ஆறு தடவையும் புதிதாகச் சிரித்து வைக்கிற பாவப்பட்ட பிறவிகள் நாம்.

தூத்துக்குடியில் இந்தத் தொழிலுக்கு ஆள் பஞ்சம் கிடையாது. கடலுக்குள் முங்கிச் சங்கு எடுத்துக் காதைக் கொடுத்தவர்கள், விசைப்படகு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர்கள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர்கள், எல்லாரும் என்றாவது ஒருநாள் எங்கள் மாடிப்படி ஏறித்தான் ஆகவேண்டும். கடையில் நாங்கள் இரண்டே பேர். உள்ளே சோதனை அறையில் நான், வெளியே மேஜையில் ஜெசிந்தா. வருகிறவர்கள் என்னை டாக்டர் என்பார்கள். "நான் டாக்டர் இல்லீங்க" என்பேன். அதுவும் ஒரு தேய்ந்துபோன வசனம்தான் என்பது ஜெசிந்தாவின் கட்சி.

வேணும்கிறது மட்டும் விழும்

புருஷனைக் கூட்டிக்கொண்டு வரும் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்ததும் சொல்லும் முதல் வாக்கியம்: "இவருக்கு வேணும்கிறது மட்டும் காதுல விழும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சிரிக்க வேண்டும். சிரித்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். ஜெசிந்தா வெளியே இருந்தபடி சத்தம் வராமல் வாயை அசைத்துக் கூடவே சொல்லுவாள்.

ஒருநாள் எனக்குக் குறும்பு தலைக்கேறிவிட்டது. ஆழ்வார்திருநகரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா கணவரைக் கூட்டி வந்தார். உட்கார்ந்து, மூச்சு வாங்கி, "இவருக்கு இருக்குல்லா…" என்று ஆரம்பித்தார். "வேணும்கிறது மட்டும் காதுல விழும், அதானே?" என்று நான் முந்திக்கொண்டேன். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. எனக்கு ஏன்டா வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது. கணவரின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, சோதனை முடித்து, ரிப்போர்ட்டும் கையில் கொடுத்தேன். படி இறங்கும்போதுதான் அந்த அம்மா திரும்பிச் சொன்னார்:

"அதச் சொல்லத்தான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன். அதையும் நீங்களே சொல்லிட்டா நான் என்னத்தச் சொல்ல?"

முன்கூட்டியே அமுக்கியவர்

ஆண்களின் வசனம் வேறு. "எனக்கு நல்லாத்தான் கேக்கு, வீட்டுலதான் எல்லாரும் வாய்க்குள்ள பேசுதாங்க." இதை எனக்குச் சொல்லாத ஆம்பளை இந்தக் கடற்கரையில் பாக்கி இல்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சியும் அதைத்தான் சொன்னார். சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்தேன். சின்னதாக ஒரு சத்தம் வரும், கேட்டதும் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணாச்சி அமுக்கினார். விடாமல் அமுக்கினார். எந்தச் சத்தத்துக்கும் தவறவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து கருவியையே அணைத்துவிட்டேன். அப்போதும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தார். கதவைத் திறந்து, சத்தமே போடவில்லையே என்று காது அருகில் கத்தினேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்:

"வரும்ல்லா? கப்பல் வந்தப்புறமா கிரேன்ல ஏறுவாங்க? முன்னாடியே ஏறி ரெடியா இருக்கணும்வே."

பன்னிரண்டு வருடம்

காது கேட்காதவர்களுக்கு அறவே பிடிக்காத வசனம் எது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். செவிடு என்று திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் எல்லாரும் எதற்கோ சிரித்திருப்பார்கள். இவர் "என்னது?" என்று கேட்பார். எதிரில் இருப்பவர் கையை ஒரு வீசு வீசி, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பார். அதுதான் அந்த வசனம். அந்தச் சிரிப்பில் இவருக்குப் பங்கு கிடையாது என்று அர்த்தம். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அலுப்பில் சொல்கிறார்கள். கேட்காத காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சூசை அண்ணன் திரேஸ்புரத்துக்காரர். முப்பது வருடம் சங்கு குளித்தவர். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சமும் வருடா வருடம் இறங்கி வருவது பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. மிஷின் போட்டுப் பலன் கிடைப்பதெல்லாம் இன்னும் இரண்டு மூன்று வருடத்துக்குத்தான் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கூட வந்திருந்த அவர் மனைவி மெட்டில்டா அக்கா அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இத்தனை நாள் விட்டுவிட்டு இப்போது எதற்காக மிஷின் என்று எழுதிக் கேட்டேன். பொதுவாகப் பூசைக்கு, டிவிக்கு, வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போனில் பேச என்று ஏதாவது சொல்வார்கள். அதற்கேற்ப மிஷினைச் சரிசெய்ய வேண்டும். சூசை அண்ணன் வெளியே ஜெசிந்தாவுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"பன்னண்டு வருசமா இவ எதையோ சொல்லுதா. என்னளான்னு கேட்டா, ஒண்ணுமில்ல விடுங்கன்னு கைய வீசுதா. அது என்னன்னு இந்தக் காது முழுசா அடைக்கதுக்குள்ள எனக்குத் தெரியணும் தம்பி."

மூக்கைப் பிடித்தவர்

பதினைந்து நாள் மாட்டிப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தந்துவிடலாம் என்பது கடையின் வழக்கம். அளவெடுத்துச் செய்த மோல்டை, அதாவது காதுக்குள் செருகுகிற அச்சை, சூசை அண்ணனின் வலது காதில் பொருத்தினேன். காது அடைத்ததுதான் தாமதம், அவர் சட்டென்று மூக்கை இரண்டு விரலால் பிடித்து, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று ஊதினார். கடலுக்குள் இறங்கும்போது காது அடைத்தால் முக்குளிக்கிறவர்கள் அப்படித்தான் ஊதித் திறப்பார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்த சங்குகுளிக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் இதைச் செய்திருக்கிறார்கள். கடல் அழுத்தத்தில் அவர்களுடைய செவிப்பறையில்தான் ஓட்டை விழுந்திருக்கிறதே, ஊதின காற்று அந்த வழியாக வந்து மோல்டைத் தள்ளிவிட்டது. மிஷின் 'கீய்ங்' என்று விசில் அடித்தது.

கதவோரம் நின்ற ஜெசிந்தா, "அண்ணன் சங்கோடத்தான் மேல வருவாரு போல" என்றாள். நான் சிரித்துவிட்டேன். மெட்டில்டா அக்காவும் சிரித்தார். சூசை அண்ணன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்து, "என்னது?" என்றார். நான் மோல்டைத் திரும்பப் பொருத்துகிற அவசரத்தில் இருந்தேன். கையை ஒரு வீசு வீசி, "ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இருபது வருடமாக வருகிற குடும்பத்துக்கெல்லாம் இந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்று பாடம் நடத்துகிறவன் நான். ஜெசிந்தா நல்லவேளையாக அந்த ஜோக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதைப் படித்து, ஒப்புக்குச் சிரித்து, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மிஷின் மாட்டுத எடத்துலயும் எனக்கு அதேதானா தம்பி?"

குறைக்கிற பட்டன்

சூசை அண்ணன் மிஷினோடு வீட்டுக்குப் போயிருந்த அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் இதுவும் நடந்தது. சாத்தான்குளத்திலிருந்து ஒரு ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் எங்களிடம் வருவார். வீட்டம்மாவையும் கூட்டித்தான் வருவார். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "இதுல பொஞ்சாதி குரலை மட்டும் குறைக்கிற பட்டன் எது?" என்பார். ஊரில் உள்ள அத்தனை கணவன்மாரும் கேட்கிற கேள்விதான். அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த வாரம் தனியாக வந்தார். மிஷினைச் சுத்தம் செய்து கொடுத்தேன். ஜோக் வரவில்லை. வந்தால் எரிச்சல் வரும், வராதபோது என்னவோ மாதிரி இருக்கிறது. பயந்துகொண்டே, "பட்டனைக் கேக்கலையே சார்?" என்றேன். மகளுக்குப் பிரசவம், அம்மா கனடா போயிருக்கிறார், வர ஆறு மாதம் ஆகும் என்றார். எனக்கு மூச்சு வந்தது. அவர் செல்போனை எடுத்து மேஜையில் வைத்தார்:

"இத மிஷினோட சேத்து வச்சு, அவ குரலைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க தம்பி. அங்கன போயி ரொம்ப மெதுவாப் பேசப் பழகிட்டா."

மிஷினில் கோளாறு

பன்னிரண்டாம் நாள் காலையில் சூசை அண்ணன் மிஷினை டப்பாவில் போட்டு எடுத்து வந்துவிட்டார். மெட்டில்டா அக்கா பின்னால் வந்தார். அண்ணன் டப்பாவை என் முன்னால் வைத்து, "கோளாறு. திரும்ப எடுத்துக்கிடுங்க" என்றார். என்ன கோளாறு என்று எழுதிக் கேட்டேன். "கோயில் மணி கேக்கு. காக்கா கேக்கு. பக்கத்து வீட்டு மிக்ஸி மண்டையப் பொளக்கு. இவ பேசுறது மட்டும் கேக்கல."

மிஷினைக் கழற்றி, துடைத்து, எல்லாச் சோதனையும் செய்து பார்த்தேன். பழுதென்று சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கு மாட்டி, பின்னால் நின்று மெதுவாகப் பேசினேன். வரிக்கு வரி பதில் சொன்னார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மெட்டில்டா அக்காவைத் தனியாக வெளி அறைக்குக் கூப்பிட்டு, வீட்டில் என்னதான் நடக்கிறது என்று கேட்டேன்.

அக்கா சொன்ன கதை இது. கடலில் சூசை அண்ணனுக்குப் படகிலிருந்து கயிறு பிடித்தது அக்காவின் தம்பி. தண்ணீருக்குள் இருப்பவரோடு பேச முடியாது, கயிற்றைச் சுண்டித்தான் சேதி சொல்ல வேண்டும். ஒரு சுண்டு என்றால் ஒன்று, இரண்டு சுண்டு என்றால் இன்னொன்று. காது போன பிறகு அதையே வீட்டுக்குள்ளும் கொண்டு வந்துவிட்டார்கள். அக்கா அவருடைய சட்டை நுனியை ஒரு தடவை சுண்டினால் சோறு ரெடி. இரண்டு தடவை என்றால் வாசலில் ஆள். மூன்று என்றால் கோயிலுக்கு நேரமாச்சு. வேலை தடையில்லாமல் நடந்தது. நடக்க நடக்கப் பேச்சு தேய்ந்து, எப்போதாவது வாயைத் திறப்பதோடு சரி என்று ஆனது. மிஷின் வந்த பிறகும் அக்காவின் கைதான் முந்திக்கொள்கிறது. வாய் திறப்பதே இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, தப்புச் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்:

"மிஷின்ல கோளாறு இல்ல தம்பி. நான் பேசுனாத்தான அவருக்குக் கேக்கும்?"

அட்டைக்குப் பின்னால்

இரண்டு பேரையும் சோதனை அறைக்குள் கூட்டிப் போனேன். சூசை அண்ணனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். அக்காவை அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி உட்காரவைத்து, கையில் ஒரு அட்டையைக் கொடுத்து வாயை மறைத்துக்கொள்ளச் சொன்னேன். தப்பித் தவறித் திரும்பினாலும் உதட்டைப் பார்த்து யூகிக்கக் கூடாது, காதால்தான் கேட்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. முதலில் எங்களிடம் இருக்கும் வார்த்தைப் பட்டியலை வாசிக்கச் சொன்னேன். பூசையில் வாசகம் படிப்பதுபோல அக்கா வாசித்தார். "மழை." அண்ணன் "மழை" என்றார். "கதவு." "கதவு." எல்லாம் சரி. அண்ணன் ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

"லிஸ்ட் போதும்க்கா. நீங்களா ஏதாவது சொல்லுங்க" என்றேன். அக்கா வாயைத் திறந்தார், மூடினார். சட்டை நுனியைச் சுண்டுவதற்குக் கை நீண்டது. நான் தலையாட்டி வேண்டாம் என்றேன். என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில் அலுத்துப்போய், அவர் பார்க்க முடியாது என்பதுகூட மறந்து, கையை ஒரு வீசு வீசிச் சொன்னார். "ஒண்ணுமில்ல, விடுங்க."

இத்தனை வார்த்தை இருக்க இதுவா? சூசை அண்ணன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே "இன்னொருக்கச் சொல்லுளா" என்றார். அக்கா அட்டைக்குப் பின்னால் இருந்து மறுபடியும் சொன்னார். நானும் அப்போதுதான் அந்தக் குரலைக் கவனித்தேன். தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையை இழுத்து விடுகிற மாதிரி, அவ்வளவு தணிவாக இருந்தது. "இப்படியாளா சொல்லுவ?" என்றார் அண்ணன். "கையைப் பாத்துட்டு, எரிஞ்சு விழுதன்னுல்லா இத்தன நாளா நெனச்சிட்டேன். போ அங்கிட்டுன்னு வெரட்டுதன்னுல்லா நெனச்சேன்." அக்கா அட்டையைக் கீழே வைத்துவிட்டார். அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்:

"மூணு தடவ மெதுவாச் சொல்லிப் பாத்துட்டுத்தான விடுங்கன்னு சொல்லுவேன். கத்துனா நம்ம தெருவுக்கே சண்டை மாதிரிக் கேக்கும். ஆசையாச் சொல்ல வேண்டியத எப்படிங்க கத்திச் சொல்ல?"

ஆறு பேட்டரி

மிஷின் திரும்ப வரவில்லை. ஒரு மாதம் கழித்து சூசை அண்ணன் பேட்டரி வாங்க வந்தார். ஜெசிந்தாவுக்கு ஒரு பொட்டலம் கருவாடு கொண்டு வந்திருந்தார். எனக்கு இல்லை. ஜோக்கை எழுதிக் கொடுத்தது அவள், கையை வீசியது நான், அதனால் காரணம் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்து விஷயம் என்னவென்று தெரிந்ததா?

உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "தெரிஞ்சிச்சு தம்பி. வெயில் இறங்கட்டும், அப்புறமாப் போங்கன்னு சொல்லுதா. குழம்புல உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சுங்கா. பக்கத்து வீட்டுப் பூனை குட்டியக் கவ்விக்கிட்டு நம்ம மாடிக்கு வருதுங்கா. ராத்திரி இருமுனீங்களே, சுக்குப் போட்டுத் தரட்டாங்கா. இப்பவும் சட்டையச் சுண்டித்தான் ஆரம்பிக்கா, பெறகு பேசுதா." இவ்வளவுதானா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பேட்டரி அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:

"அம்புட்டுந்தான். காது அடைக்கதுக்குள்ள அம்புட்டையும் கேட்டுக்கிடணும். பேட்டரி நாலு போதாது, ஆறாக் குடுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி, இன்றைக்குக் கடையில் என்ன விசேஷம் என்று கேட்டாள். வாய் பழக்கத்தில் "ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, சூசை அண்ணன் கதையை முழுசாகச் சொன்னேன். அவள் கேட்டாள். பிறகு அவளும் தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துச் சங்கதிகளைச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஊருக்கெல்லாம் காது மாட்டிவிடுகிற நான், அவள் மூன்றாவது சங்கதிக்கு வந்தபோது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும், "என்ன சொன்ன?" என்று நான் கேட்டதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பதையும், சக ஜீவன்களே, தயவுசெய்து ஜெசிந்தாவின் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.